அறுபது பேருக்கு வீட்டிலேயே கறிச்சோறு: கணக்கை அடுப்பிலிருந்து தொடங்குங்கள்

கேட்டிருப்பது இதுதான்: அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. மதுரையில் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு 60 பேருக்கு மதியம் கறிச்சாப்பாடு போட வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் சைவம். கேட்டரிங்காரரிடம் கொடுக்க மனசில்லை, அம்மா, அத்தை, சித்தி எல்லாரும் சேர்ந்தால் முடித்துவிடலாம் என்கிறார்கள். பிரியாணி போடுவதா, சோறும் குழம்புமா, என்னென்ன எவ்வளவு வாங்குவது, கடைசியில் பாயசமா ஜிகர்தண்டாவா?

முடியும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லாரும் போல நீங்களும் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கறி என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். அது கடைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அதற்கு முன்னால் உங்கள் அடுப்பைப் பாருங்கள். ஆறு பேருக்குச் சமைக்கிற கை அறுபது பேருக்குச் சமைத்தாலும் ருசி அப்படியொன்றும் மாறிவிடாது, மாட்டிக்கொள்வது நேரத்தில்தான். 14, 15 லிட்டர் தண்ணீரை வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரில் வைத்தால் அது கொதிக்க மட்டுமே முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இன்னும் அரிசியே போடவில்லை. விசேஷ வீடுகளில் பந்தி ஒன்றரைக்கும் இரண்டுக்கும் தள்ளிப்போவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர்தான், சமைக்கிறவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை.

அதனால் முதல் வேலையாக வாடகைப் பாத்திரக் கடையில் இரண்டு பெரிய கேஸ் அடுப்பு சொல்லி வையுங்கள், டியூபும் ரெகுலேட்டரும் அந்த அடுப்புக்கு உரியதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கூடவே 20, 25 லிட்டர் பிடிக்கிற அண்டா மூன்று, அகலமான வடைச்சட்டி இரண்டு, சல்லிக்கரண்டி, சோறு வடிக்கப் பெரிய கூடை, பரிமாற வாளியும் கரண்டியும். பித்தளை அண்டா கொடுத்தால் உள்ளே ஈயம் முழுசாகப் பூசியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். ஈயம் போன பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும். அலுமினியத்திலும் ரசத்தை வைத்து மணிக்கணக்கில் விட்டால் வாடை வந்துவிடும், எவர்சில்வருக்கு மாற்றிவிடலாம். சிலிண்டர் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். பெரிய அடுப்பு வேகமாக இழுக்க இழுக்க சிலிண்டர் குளிர்ந்துபோகும், உள்ளே கேஸ் குறைந்திருக்கும்போது தீ பாதியாகிவிடும், அது சரியாக உங்கள் சோறு பாதி வெந்திருக்கும்போது நடக்கும். மாடியில் காற்று இருக்கும், அடுப்பைச் சுவரோரமாக வைத்து இரண்டு பக்கம் தகரம் மறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பந்தல் துணிக்கு அடியில் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

சரி, பிரியாணியா குழம்பா. நம்ம பக்கத்தில் பிரியாணிக்கு இருக்கிற மவுசு எனக்கும் தெரியும். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரியாணி ஆக்கி விடியற்காலையில் பிரசாதமாகப் போடுகிற ஊர் இது. ஆனால் அங்கே அண்டா முன்னால் நிற்கிறவர்களுக்கு அதுதான் தொழில். வீட்டில், முதல் தடவை, 60 பேருக்குப் பிரியாணி வேண்டாம் என்பேன். காரணம் ருசியெல்லாம் இல்லை. பிரியாணிக்குத் தம் உடைக்கிற நேரம் ஒன்றுதான். அப்போது தாய்மாமன் இன்னும் சீர்த்தட்டோடு வரவில்லை என்றால், அது அண்டாவுக்குள்ளேயே உட்கார்ந்து அடி பிடித்து, மேலே காய்ந்து, நடுவில் களியாகிவிடும். தண்ணீர் ஒரு சொம்பு கூடிப்போனாலும் திருத்த வழியில்லை. கறிக்குழம்பு அப்படியில்லை, ஒரு மணி நேரம் காத்திருந்தால் இன்னும் நன்றாகத்தான் ஆகும், தண்ணியாக இருந்தால் சுண்டவிடலாம், கெட்டியாக இருந்தால் வெந்நீர் விடலாம், ஆள் கூடினாலும் சமாளிக்கலாம். குழந்தைகளுக்காகக் கொஞ்சம் பிரியாணி வேண்டும் என்று அடம் பிடித்தால் சீரகச் சம்பாவில் 2 கிலோ மட்டும் தனியாகப் போடுங்கள், வீட்டில் ஆழாக்குக்கு இரண்டு ஆழாக்குத் தண்ணீர் வைக்கிற பழக்கத்தில் போகாமல் ஒன்றுக்கு ஒன்றரையோடு நிறுத்துங்கள். பெரிய பாத்திரத்தில் மூடிப் போட்டு வேகும்போது ஆவியாகிப் போகிற தண்ணீர் அளவுக்குப் பார்த்தால் ரொம்பக் குறைவு.

ஆக என் பட்டியல்: சோறு, மட்டன் குழம்பு, கோழி வறுவல், அவித்த முட்டை, ரசம், மோர், அப்பளம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சாம்பாரும் ஒரு பொரியலும், அந்தப் பொரியலையே எல்லா இலைக்கும் வைத்துவிடலாம். கடைசியில் ஒரு இனிப்பு. இதற்கு மேல் கோலா உருண்டை, குடல், சுக்கா, மீன் என்று யாராவது ஆரம்பித்தால் "அடுத்த விசேஷத்துக்கு வெச்சுக்கலாம் அத்தை" என்று சொல்லிவிடுங்கள். கோலா உருண்டை அருமையான அயிட்டம்தான், ஆனால் கொத்துக்கறியை அரைத்து, உருட்டி, 60 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று எண்ணெயில் போட்டு எடுக்க ஒரு ஆளும் ஒரு அடுப்பும் காலை முழுக்க வேண்டும். அந்த அடுப்பு உங்களிடம் இல்லை. காலை டிபனையும் வெளியில் சொல்லிவிடுங்கள், இட்லியும் சாம்பாரும் பக்கத்தில் எந்த மெஸ்ஸிலும் கொடுப்பார்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இப்போது அளவு. 60 பேரில் 12 பேர் சைவம் போக 48 பேர் என்று வைத்துக்கொள்வோம். மட்டன் குழம்புக்கு எலும்போடு கிலோவுக்கு எட்டுப் பேர் என்று 6 கிலோ. கூட வறுவல் இருப்பதால் இது போதும், வறுவல் இல்லாவிட்டால் 8 கிலோ வாங்க வேண்டியிருக்கும். கோழி கிலோவுக்குப் பத்துப் பேர் என்று 5 கிலோ. முட்டை 50 பேருக்கு 55, வேகும்போது நாலைந்து வெடிக்கும். நேர்த்திக்கடனுக்கு வெட்டுகிற கிடாய் என்றால் உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி தேறும், அதாவது 25 கிலோ கிடாய்க்கு 11, 12 கிலோ. "முழு கிடாயாச்சே" என்று நம்பி நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு கடைக்கு ஓடுகிறவர்கள் இங்கே நிறைய. கடையில் வாங்குவதென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நெல்பேட்டையோ உங்கள் தெருமுனைக் கடையோ எதுவாக இருந்தாலும் காலை 6 மணிக்குள் கறி வீட்டில் இருக்க வேண்டும். தொடைக்கறி மட்டும் கேட்காதீர்கள், நெஞ்செலும்பும் நல்லியும் கலந்து போடச் சொல்லுங்கள், குழம்புக்குச் சாறு அதிலிருந்துதான் வருகிறது. துண்டு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் நின்று சொல்லுங்கள். ஆறு கிலோவில் சிறிசும் பெரிசுமாக இருந்தால் சிறிசு கரைந்துபோகும், பெரிசு நார் நாராக நிற்கும்.

ஆறு கிலோ கறிக்கு நான் போடுகிற கணக்கைச் சொல்கிறேன், உங்கள் வீட்டு ருசிக்கு ஏற்ப முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயம் ஒன்றரைக் கிலோ, தக்காளி ஒன்றே கால் கிலோ, இஞ்சி 200 கிராம், பூண்டு 300, மல்லி 180, வற்றல் 90 முதல் 100 கிராம், மிளகு 40, சீரகம் 40, சோம்பு 30, கசகசா 50, தேங்காய் மூன்று, எண்ணெய் 600 மில்லி. பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை உங்கள் கைக்கு. மளிகையை கீழமாசி வீதியில் மொத்தமாக எடுத்துவிட்டால் விலையும் படியும், ஒரே நடையில் முடியும். வற்றலில் மட்டும் கவனம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் நீட்டு வற்றலுக்கும் காரமும் நிறமும் வேறு வேறு. வழக்கமாக நீங்கள் எதை வாங்கி அரைப்பீர்களோ அதையே வாங்குங்கள், விசேஷத்துக்கென்று புதுசாக ஒன்றை முயற்சி பண்ண இது நாளில்லை. இந்த அளவுக்கு குழம்பு பத்து லிட்டர் பக்கம் நிற்கும், ஆளுக்கு இரண்டு கரண்டி தாராளமாக வரும்.

பத்து மடங்கு சமைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய சிக்கல். மசாலா, கறி, வெங்காயம் பெருக்கலாம். தண்ணீரைப் பெருக்கக் கூடாது. ஆறு பேருக்கான குழம்புச் சட்டியில் வாய் அகலம், குழம்பு கொஞ்சம், நிறைய ஆவியாகும். 25 லிட்டர் அண்டாவில் குழம்பு ஆழமாக நிற்கும், மேல்பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை, அதனால் சுண்டுவது மெதுவாகத்தான் நடக்கும். வீட்டுக் கணக்குப்படி வரும் தண்ணீரில் முக்கால் பங்கு ஊற்றி ஆரம்பியுங்கள், தேவைப்பட்டால் பக்கத்து அடுப்பில் வெந்நீர் இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி நின்று மறுபடி எழும்ப இருபது நிமிடம் போய்விடும். உப்பும் அப்படியே, முக்கால் பங்கு போட்டுவிட்டு, தேங்காய் ஊற்றிக் கொதி வந்த பிறகு மீதியைப் பாருங்கள். கல் உப்பையும் தூள் உப்பையும் கரண்டிக் கணக்கில் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். அதே கரண்டியில் கல் உப்பு எடை குறைவாக நிற்கும், தூள் கூட நிற்கும். ஒரு தராசில் நிறுத்துப் போட்டால் சண்டையே இல்லை. ருசி பார்க்கிற ஆள் ஒருத்தராக இருக்கட்டும். அம்மா பார்த்து உப்புப் போட்டு, அத்தை வந்து பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டு, சித்தி "என்ன அண்ணி உப்பே இல்ல" என்று ஒரு கை போட்டால் அவ்வளவுதான்.

வதக்குவதும் பெருகாது. ஒன்றரைக் கிலோ வெங்காயத்தை ஆழமான அண்டாவில் போட்டால் அது வதங்காது, தன் தண்ணீரிலேயே வேகும், அப்புறம் குழம்பில் ஒரு பச்சை இனிப்பு நிற்கும். அகலமான வடைச்சட்டியில் இரண்டு ஈடாக வதக்கி, பொன்னிறம் வந்ததும் அண்டாவுக்கு மாற்றுங்கள். கோழி வறுவலுக்கு இது இன்னும் முக்கியம். ஐந்து கிலோவையும் ஒரே சட்டியில் கொட்டினால் கோழி விடுகிற தண்ணீரில் அது குழம்பாகிவிடும், வறுவல் என்று பேர் மட்டும் இருக்கும். இரண்டரை இரண்டரைக் கிலோவாக, மூடாமல், நல்ல தீயில் செய்யுங்கள். நாட்டுக்கோழி வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்து கிலோவுக்கு நாலைந்து கோழி வரும், ஒன்று இளசு ஒன்று முற்றல் என்று இருந்தால் ஒன்று வெந்து உதிரும்போது இன்னொன்று பல்லுக்கு அடங்காது. பிராய்லரே போதும்.

மட்டனை வேகவைக்க, இளங்கறியாக இருந்தால் திறந்த அண்டாவில் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். முற்றல் என்று சந்தேகம் இருந்தால் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிற குக்கர்களை வாங்கி, மஞ்சளும் கொஞ்சம் சின்ன வெங்காயமும் போட்டு ஈடு ஈடாக வேகவைத்துக்கொள்ளலாம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் குழம்பிலேயே ஊற்றிவிட வேண்டும். குக்கரை மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். தேங்காயும் கசகசாவும் அரைத்தது கடைசியில்தான், அதற்குப் பிறகு அடியில் கரண்டி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சோறு. சாதாரண விருந்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைப்பார்கள். கறிக்குழம்புக்குச் சோறு கூட இறங்கும் என்பதால் 60 பேருக்கு 7 கிலோ. இதை ஒரே உலையில் வடிக்க நினைக்காதீர்கள். ஏழு கிலோ அரிசிக்கு முப்பது லிட்டர் தண்ணீர், எல்லாம் சேர்த்து 40 கிலோ கொதிக்கிற அண்டாவை இரண்டு பேர் தூக்கிக் கவிழ்க்கிற வேலை அது, பழகாத கைக்கு ஆபத்து. மூன்றரை கிலோவாக இரண்டு உலை வையுங்கள், முதல் உலை முதல் பந்திக்கும் இரண்டாவதில் பாதிக்கும், அடுத்த உலை மீதிக்கு. கவிழ்க்காமல் சல்லிக்கரண்டியால் அரித்து ஈரத்துணி விரித்த கூடையில் போட்டாலும் நன்றாக வடியும். புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போடுங்கள், வீட்டில் வடிக்கிற பதத்துக்கு ஒரு பிடி முன்னாலேயே, நடுவில் ஊசி முனை அளவு கடினம் இருக்கும்போதே வடித்துவிடுங்கள். குவிந்து கிடக்கிற சோறு தன் சூட்டிலேயே மேலும் வேகும். சின்னப் பானைச் சோற்றுக்கு இந்தப் பிரச்சினை தெரியாது, பெரிய குவியலில் அடிச்சோறு குழைந்துபோவது இதனால்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கான சமையலைக் காலையில் முதல் வேலையாக முடித்து, மூடி, தனி இடத்தில் வைத்துவிட்டுத்தான் கறிப்பையைப் பிரிக்க வேண்டும். தனி அண்டா, தனிக் கரண்டி, தனி வாளி. பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள். 12 பேருக்கு சாம்பார் என்றாலும் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பார்கள், துவரம் பருப்பு அரைக் கிலோ போடுங்கள். போர் தண்ணீரில் பருப்பு வேகவைக்க வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம் பல போர்களில் தண்ணீர் கடினம், அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாது, எத்தனை விசில் வைத்தாலும் முழுசு முழுசாக நிற்கும். சமையலுக்கும் குடிக்கவும் சேர்த்து 20 லிட்டர் கேன் ஆறு வாங்கி வையுங்கள், கழுவ மட்டும் போர் தண்ணீர். புளியை காயும் பருப்பும் வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், புளிப்பு ஏறிவிட்டால் அதற்கு மேல் வேகாது. பொரியலுக்கு பீன்ஸோ முட்டைக்கோஸோ 5 கிலோ. ரசம் ஏழு லிட்டர், புளி 150 கிராம், தக்காளி ஒரு கிலோ, நுரை கட்டி மேலே எழும்புகிற நேரத்தில் இறக்குங்கள். தயிருக்குப் பதில் மோர் என்று நான் சொன்னது வெயிலுக்காக. மூன்று லிட்டர் தயிரை ஒன்பது லிட்டர் மோராக்கி இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டால் கறிச்சாப்பாட்டுக்குப் பிறகு அதை விட வேறென்ன வேண்டும். ராத்திரி சீக்கிரம் உறை ஊற்றினால் நம்ம வெக்கைக்கு விடியும்போது புளித்திருக்கும், படுக்கப் போகிற நேரத்தில் ஊற்றுங்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் பாதிச் சமையல். வெங்காயம், பூண்டு உரிப்பதற்கு ஆள் சேருங்கள், சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் கையோடு வரும். ஊரிலிருந்து முதல் நாளே வந்துவிடுகிற உறவுக்காரர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது, நாலு வீட்டுக் கதையும் வெளியே வரும் வெங்காயமும் உரிந்திருக்கும். இஞ்சி பூண்டு அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மசாலா வறுத்துப் பொடித்து வைக்கலாம். தேங்காய் மட்டும் வேண்டாம், காலையில்தான் உடைத்து அரைக்க வேண்டும், அரைத்த தேங்காய் இந்தச் சூட்டில் வெளியே நாலு மணி நேரம் தாங்காது. கறியை முந்தின நாளே வாங்கி மசாலா தடவி வெளியே வைப்பதும் கூடாது.

நேரத்தைப் பந்தியிலிருந்து பின்னோக்கி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி என்றால் 12:10க்கு முதல் சோறு வடிந்திருக்க வேண்டும், அப்படியென்றால் 11:15க்கு உலை ஏற வேண்டும். 11 மணிக்குக் குழம்பு இறங்கி அந்த அடுப்பு உலைக்குக் காலியாக வேண்டும், அதற்கு 8:30க்கே கறி அடுப்பில் ஏறியாக வேண்டும். 6 மணியிலிருந்து 8:30 வரை சாம்பார், பொரியல், முட்டை. வறுவலும் ரசமும் இடையில், வீட்டு அடுப்பில். முகூர்த்தம் ஒன்பது, ஒன்பதரை என்று இருந்தால் குழந்தையின் அம்மாவும், தாய்மாமன் வீட்டுக்காரர்களும், ஆரத்தி எடுக்கிற அத்தையும் மேலே மனையில் இருப்பார்கள். அவர்களைச் சமையல் கணக்கில் சேர்க்கவே கூடாது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்புக்கும் மனைக்கும் ஓடுகிற அம்மாவை நிறைய விசேஷத்தில் பார்த்தாயிற்று, போட்டோவில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். சமையலுக்கு மூன்று பேர், கூடமாட எடுத்துக்கொடுக்க இரண்டு பேர். அந்த மூன்று பேரில் ஒருத்தராவது இதற்கு முன் ஐம்பது பேருக்கு ஆக்கியவராக இருக்க வேண்டும். குடும்பத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் அரை நாள் கூலிக்கு ஒரு சமையல்காரரை மட்டும் கூப்பிட்டு, அண்டாவையும் சோற்றையும் அவரிடம் விட்டுவிட்டு, மசாலாவும் ருசியும் உங்கள் வீட்டுக் கையில் வைத்துக்கொள்ளலாம். கேட்டரிங்குக்கும் வீட்டுச் சமையலுக்கும் நடுவில் இந்த வழியை யாரும் யோசிப்பதில்லை.

பந்தி 20, 20 பேராக மூன்று. சைவம் சாப்பிடுகிறவர்களை முதல் பந்தியில் ஒரு ஓரமாகச் சேர்ந்தாற்போல் உட்கார வையுங்கள். இலை 70 வாங்குங்கள், கிழிந்தது போக சரியாக இருக்கும்.

அப்புறம் கறி பரிமாறுகிற விஷயம். இதில்தான் விருந்துக்கு நல்ல பேரும் கெட்ட பேரும். குழம்பை வாளியில் அப்படியே மொண்டு ஆளுக்கு ஆள் ஊற்றினால் முதல் பந்திக்குத் துண்டெல்லாம் போய், மூன்றாவது பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டுக்காரருக்கு உருளைக்கிழங்கு மிஞ்சும். (உருளைக்கிழங்கு போடுவீர்களோ மாட்டீர்களோ, அது அவரவர் வீட்டு வழக்கு.) குழம்பு இறக்கினதும் சல்லிக்கரண்டியால் துண்டுகளை அரித்து மூன்று தூக்குகளில் பிரித்து மூடிவிடுங்கள், பந்திக்கு ஒரு தூக்கு. கிராமத்துக் கறிவிருந்தில் இப்படித்தான், கறித் தூக்கை எல்லாரிடமும் கொடுக்க மாட்டார்கள், முகதாட்சண்யம் பார்க்காத ஒரு பெரியப்பாவிடம்தான் கொடுப்பார்கள். அவர் முதல் சுற்றில் ஆளுக்கு நாலு துண்டு, ஒரு எலும்பு என்று வைத்துக்கொண்டே போவார், பின்னாலேயே ஒருத்தர் வெறும் குழம்பு ஊற்றிக்கொண்டு வருவார். இரண்டாவது சுற்றுக்குத் தூக்கில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து வைப்பார். தன் மாப்பிள்ளைக்கு மட்டும் ஏழெட்டு அள்ளி வைக்கிற ஆளை அந்த வேலைக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது பந்தி முடிய இரண்டரை ஆகலாம். அதுவரை குழம்பு அண்டாவைச் சிம்மில் சூடாகவே வைத்திருங்கள். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் வரை பயமில்லை, அதற்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும்போதுதான் கிருமி பெருகும். இதில் பலருக்குத் தெரியாதது, சமைத்து முடித்த உணவிலும் வித்து வடிவத்தில் கிருமி உயிரோடு இருக்கும் என்பது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ், பெரிய அண்டாக் கறியில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். கொதித்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை, மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. பேசில்லஸ் சோற்றில் விடுகிற ஒரு நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மீந்த கறியை அண்டாவோடு மூடி வைத்துவிட்டுக் களைப்பில் தூங்கிப்போனால் அதன் நடுப்பாகம் நடுராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் சாப்பாடு முடிந்த கையோடு மீந்ததைச் சின்னச் சின்ன அகலப் பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டினால் வறுவலும் முட்டையும் கொடுங்கள், பக்கத்து ஊராக இருந்தால் மட்டும், போனதும் சாப்பிட்டுவிடச் சொல்லி. தேங்காய் ஊற்றிய குழம்பைத் தூக்கில் ஊற்றி ஐந்து மணி நேரப் பேருந்தில் அனுப்பாதீர்கள்.

ஜிகர்தண்டாவா பாயசமா என்பதற்கு, மதுரைக்காரர்களே வருகிற விருந்து என்றால் பாயசம். சிறுபருப்பு ஒரு கிலோ, வெல்லம் ஒன்றரைக் கிலோ, தேங்காய் ஐந்து, ஏலக்காய், முந்திரி, வேலை முடிந்தது. வெளியூர்க்காரர்கள் அதிகம் என்றால் ஜிகர்தண்டா எடுபடும், அதுவும் அடுப்பை அன்றைக்குத் தொடவே தொடாத இனிப்பு என்பது பெரிய வசதி. பாதாம் பிசின் 60 கிராம் முந்தின நாள் ராத்திரி நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பாத்திரம் நிறைய உப்பியிருக்கும். 6 லிட்டர் பாலை முந்தின நாளே 4 லிட்டராகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நன்னாரி சர்பத் ஒரு லிட்டர், ஐஸ்கிரீம் 4 லிட்டர். கலந்து வைக்காமல் சின்ன டம்ளரில் பிசின், சர்பத், பால், ஐஸ்கிரீம் என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்கும்போது கேட்கும்போது போட்டுக் கொடுக்க ஒரு காலேஜ் பையனை நிறுத்தினால் போதும்.

மறுநாள் காலையில் மீந்த குழம்பைச் சட்டியில் ஊற்றி, முழுசும் கொதித்து எண்ணெய் பிரிந்து கெட்டியாகும் வரை சுண்டவையுங்கள், வீட்டில் தங்கிய ஆட்களுக்கு இட்லியோடு அந்தச் சுண்டக்கறி போதும். வாடகைப் பாத்திரத்தை அன்றைக்கே திருப்பி விடுங்கள், தாமதித்தால் இன்னொரு நாள் வாடகை சேரும். எடுத்து வந்தபோது எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து கரண்டி, மூடி எல்லாவற்றையும் எண்ணி ஏற்றுங்கள், காணாமல் போவது எப்போதும் மூடியும் சல்லிக்கரண்டியும்தான்.